எட்டு ரப்பர் புஷ்

முப்பத்தேழு கார்களைத் திருடியும் ஒரு தடவைகூட போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர் பட்டுக்கை. அவர் விரல் பட்டால் பூட்டு கூச்சப்பட்டுத் தானாகவே திறந்துகொள்ளும் என்று தொழில் வட்டாரத்தில் ஒரு பேச்சு.

முப்பத்தெட்டாவதாக வாய்த்ததுதான் வில்லங்கம். மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. நிறுத்தி வைத்திருந்தாலும் பறப்பது போலிருக்கும். ஆனால் சாலையில் ஒரு கூழாங்கல் குறுக்கிட்டால் போதும், இரும்பு பீரோவை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல முன்பக்கம் 'கடக், கடக்' என்றது. அடுத்த தெருவில் தூங்குகிறவனும் எழுந்து வந்து பார்ப்பான். திருட்டுக் காருக்கு இது ஆகிற காரியமா? நாலு மணிக்கு வாங்குகிற ஆள் வேறு வருகிறான். கொசு தும்மினாலும் குறை சொல்கிற ஆசாமி.

கார் ஒரு வேகத்தடையில் ஏறி, 'கடக்'கென்று இறங்கியபோது, ஓர் ஒர்க்‌ஷாப்பின் பாதி தூக்கிய ஷட்டருக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். அவளைப் போல் இரண்டு பேர் நுழையக்கூடிய நீல அங்கி. கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க! முன்னாடி சஸ்பென்ஷன் புஷ்ஷெல்லாம் செத்துப்போச்சு. இப்படியே ஓட்டினா உங்களுக்கு முன்னாடி வீல் வீட்டுக்குப் போயிரும்."

"நீ மெக்கானிக்காம்மா?"

"பின்ன, இந்த டிரஸ்ல விருந்துக்கா போறேன்? உள்ள விடுங்க. மூணு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

தெய்வமே அங்கி மாட்டிக்கொண்டு வந்ததாக நினைத்தார் பட்டுக்கை. உள்ளே விட்டார். அவள் ஷட்டரை மறுபடி பாதிக்கு இறக்கினாள். முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினாள். பிறகு ஒரு ஸ்பேனருக்காக ஏழு டிராயரை இழுத்துப் பார்த்தாள்.

"உன் கடையில உனக்கே வழி தெரியலையேம்மா!"

"நேத்துதாண்ணே எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்குபடுத்தினா எதுதான் கிடைக்கும்?"

ஆனால் கை பேசியது. சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றி, அவற்றின் முனையில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் வளையங்களான பழைய புஷ்களை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி வெளியே தள்ளினாள். எட்டும் எலி கடித்த செருப்பு மாதிரி கிழிந்து கிடந்தன. அலமாரியிலிருந்து புது செட்டை எடுத்தாள். "அண்ணே, சும்மா நிக்காதீங்க, பிடிங்க" என்றாள். பட்டுக்கையின் பட்டுக் கைகள் முழங்கை வரை கிரீஸில் முங்கின.

நடுவில் அவள் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். பட்டுக்கையின் காது பாம்புக் காது.

"ஆமா... மஞ்சள், ரெண்டு கதவு... ஆளும் இங்கதான் இருக்கான்... சேச்சே, சந்தேகமே வரல."

போலீஸுக்குத்தான் சொல்கிறாள்! ஓடிவிடலாம், ஆனால் கார் சக்கரமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறதே! ஐந்து மாதம் பின்தொடர்ந்து, கள்ளச்சாவி செய்து பிடித்த கார்.

"யாரும்மா போன்ல?"

"எங்க மாமா. வேலை எப்போ முடியும்னு கேக்கறாரு."

"சீக்கிரம் முறுக்கிட்டு விடும்மா."

"தொங்கவிட்டு முறுக்கினா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் திருகிக்கிட்டுக் கிழிஞ்சிரும்ணே. சக்கரத்தை மாட்டி, எடை முழுக்க இறங்கின அப்புறம்தான் கடைசி முறுக்கு. அவசரப்பட்டா கெட்ட பேரு எனக்குத்தானே?"

உயிர் போகிற நேரத்திலும் பட்டுக்கைக்கு அந்தத் தொழில் சுத்தம் பிடித்திருந்தது. சக்கரங்கள் ஏறின. கார் இறங்கியது. அவள் அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி முடித்தாள். சைரன் சத்தம் எதுவும் வரவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

"சாவி குடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்."

"நானும் வரேன்."

"உள்ள உக்காந்தா ரெண்டு பேருக்குமே தெரியாது. வெளியே நிக்கிறவங்களுக்குத்தான் சத்தம் கேக்கும். அந்த வேகத்தடையில ஏத்தி இறக்கறேன், நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

கடையை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள்? பட்டுக்கை வாசலில் நின்று, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். கார் வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. ஒரு முணுமுணுப்பு? ம்ஹூம். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இருந்தது. அவர் பூரித்துப்போய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கார் தெருமுனையில் திரும்பியது.

பத்து நிமிடம். இருபது நிமிடம். அரை மணி.

வந்தது கார் அல்ல. வழுக்கைத் தலையர் ஒருவரும், அவர் கையோடு அழைத்து வந்த ஏட்டும்.

"பாருங்க ஏட்டையா! மாமியாரை ஆஸ்பத்திரியில பாத்துட்டு வர்றதுக்குள்ள என் கடைப் பூட்டை உடைச்சிட்டான்! பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணலைன்னா ஷட்டரையே கழட்டிக்கிட்டுப் போயிருப்பான்!"

"நான் இல்லீங்க! ஒரு பொண்ணு... நான் ரிப்பேருக்குக் கார் கொண்டு..." பட்டுக்கை சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காரா?" என்று பிடித்துக்கொண்டார் ஏட்டு. "எந்தக் கார்? காலையிலேர்ந்து மஞ்சள் கார் ஒண்ணைத் தேடி எங்க உயிர் போயிட்டிருக்கு. நீ என்ன கார்ல வந்தே?"

பட்டுக்கை மனசுக்குள் கணக்குப் போட்டார். காருக்கு ஏழு வருஷம். பூட்டை உடைத்ததற்கு மிஞ்சிப் போனால் மூன்று மாதம்.

அதற்குள் வழுக்கைத் தலையர் காலி அலமாரியைத் தடவிப் பார்த்துக் கூவினார். "வெளிநாட்டிலேர்ந்து வரவழைச்ச செட் ஏட்டையா. எட்டு ரப்பர் புஷ். காணோம்!"

ஏட்டு பட்டுக்கையை மேலும் கீழும் பார்த்தார். "தூ! போயும் போயும் ரப்பருக்கா பூட்டை உடைச்சே? எந்தக் கார்னு கேட்டேனே?"

"காரெல்லாம் ஏதுங்க ஐயா, நடந்துதான் வந்தேன்... புஷ் திருட" என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் செய்யாத ஒரு திருட்டை ஒப்புக்கொண்டு, கிரீஸ் வழியும் கைகளை விலங்குக்கு நீட்டினார் பட்டுக்கை.