ஆட்டம் அடக்கும் லென்ஸ்

"இவரோட ஆட்டத்தை அடக்குறதுக்கு ஏதோ லென்ஸ் இருக்காமே? அதைக் குடுங்க."

கேமரா கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டது மனைவி. ஆட்டம் அடக்கப்பட வேண்டியவர் அவள் பின்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அவ பேச்சை விடுங்க சார். என் பழைய லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சுடுச்சு. அதே மாதிரி சாதாரணமா ஒண்ணு போதும்."

கடைக்காரர் இரண்டு நீள லென்ஸ்களை எடுத்து வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் உண்டு, விலையும் கூட. மற்றதில் கிடையாது.

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"விமானம் சார். ஞாயித்துக்கிழமை தவறாம விமான நிலையத்து மதில் ஓரமாப் போய் நிப்பேன். பதினோரு வருஷமா."

"நிப்போம்," என்று திருத்தினாள் மனைவி.

விலை கூடியதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது கடைக்காரருக்குப் பிடிக்காது. கட்டச் சொல்லும் மனைவிமாரை அதைவிடப் பிடிக்காது.

"அம்மா, உள்ளதைச் சொல்றேன். விமானம் போற வேகத்துக்கு ஷட்டரை ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் திறந்து எடுப்பாங்க. அதுக்குள்ள கை ஆடணும்னு நினைச்சாலும் ஆட முடியாது. ஸ்டெபிலைசர் இல்லாமலே படம் கத்தி மாதிரி கூர்மையா விழும்."

"கேட்டியா? நல்லாக் கேட்டுக்கோ!" கணவர் முகத்தில் தேர்தலில் ஜெயித்த களை.

"விசிறி வச்ச விமானம் வந்தா?" என்றாள் அவள்.

கடைக்காரர் கொஞ்சம் அசந்துபோனார். "அது... அதுக்கு ஷட்டர் வேகத்தைக் குறைக்கணும்மா. இல்லேன்னா விசிறி சுத்தாம நின்னுபோன மாதிரி தெரியும். குறைச்சா கை ஆட்டம் படத்துல வந்துடும். பரவாயில்லையே, இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க!"

"தெரியாம இருக்குமா? ஜெட்டுன்னா ரெண்டு எண்ணுற வரைக்கும் மூச்சை அடக்கினாப் போதும். விசிறின்னா பதினஞ்சு எண்ணணும்."

"ஓ, நீங்களும் படம் எடுப்பீங்களா?"

"இல்லையே."

"அப்புறம் நீங்க எதுக்கு மூச்சை அடக்கணும்?"

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி சார், சாதாரண லென்ஸை மாட்டி ஒண்ணு எடுத்துப் பாருங்க. அந்த எதிர் மாடியில காக்கா உக்காந்திருக்கு பாருங்க, அதை எடுங்க."

கணவர் லென்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரும் சொல்லாமலே மனைவியும் போனாள். அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி, காலை அகட்டி, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து நின்றாள். அவர் லென்ஸைத் தூக்கி அவள் வலது தோளில் வைத்தார்.

"மூச்சு," என்றார்.

அவள் மூச்சு நின்றது. கடைக்காரர் மூச்சும் நின்றது.

க்ளிக்.

"விடு."

சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல் ஒரு சத்தம் வந்தது.

"பதினோரு வருஷமா இப்படித்தானா?" கடைக்காரருக்கு வாய் மூடவில்லை.

"மூக்கு மேல கொசு உக்காரும். அடிக்கக் கூடாது. போன வருஷம் ஒரே ஒரு தும்மல் போட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறார்."

"அபூர்வமான விமானம் சார் அது. படத்துல வால் மட்டும்தான் விழுந்துச்சு," என்றார் கணவர். இன்னும் ஆறவில்லை அவருக்கு.

"இப்போ வீட்டுல இருக்கும்போது விமானச் சத்தம் கேட்டாலே மூச்சு தானா நின்னுடுது. அடுப்புல பால் பொங்கி வழியுது, நான் சிலை மாதிரி நிக்கிறேன்."

கடைக்காரர் கணவரிடம் திரும்பினார். "ஏன் சார், மூணு கால் ஸ்டாண்டுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கே?"

"கால் இருந்து என்ன சார், காது இல்லையே? இவ, திரும்புன்னா திரும்புவா."

அவ்வளவுதான், கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சார், கோவிச்சுக்காதீங்க. மனைவிங்கிறவங்க மனுஷி. முட்டுக்கொடுக்கிற கம்பு இல்லை. விமானத்துக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லைன்னு சொன்னேன், வாஸ்தவம். ஆனா இவங்க தோளுக்குத் தேவை. ஒரு நாளாவது இவங்க எப்படி நிக்கிறாங்கன்னு திரும்பிப் பார்த்திருக்கீங்களா?"

கணவர் பார்த்தார். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. பிறகு உள்ளே வந்து, மேஜை மேல் இருந்த விலை கூடிய லென்ஸைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார்.

"இதையே கட்டிக் குடுத்துடுங்க."

படி இறங்கும்போது மனைவியிடம் சொன்னார்: "இனிமே ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல நிம்மதியா இரு."

"அதெப்படி? நானும் வருவேன். மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து, நல்லா மூச்சு விட்டுக்கிட்டே பார்ப்பேன்."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். லென்ஸ் விற்ற சந்தோஷம் இல்லை அது. ஒரு பெண்ணுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த பூரிப்பு. 'இப்படியும் இருக்காங்களே ஆம்பளைங்க!' என்று தலையில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

கடையின் பின்பக்கம் தொங்கிய திரைக்குப் பின்னால், படம் எடுக்கும் அறையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் மெல்லக் கேட்டது.

"என்னங்க, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் எழுந்து போய் அரை மணி நேரம் ஆச்சு. அவர் முதுகுக்குப் பின்னால நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிற இந்த வெள்ளைத் துணியை இப்பவாவது கீழே இறக்கலாமா?"