ஒரு பேருக்கு ஒரு பாஸ்

"நீங்கதான் ஏற்கெனவே உள்ளே போயிட்டீங்களேம்மா" என்றார் செக்யூரிட்டி.

பெயரைச் சொல்லிவிட்டு ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன், முகம்கூடச் சரியாகக் கழுவவில்லை. அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார். பதினொன்று பத்து. நான்காம் கட்டில். அப்பாவின் பெயருக்கு நேரே என் பெயர். உறவு: மகள்.

கையெழுத்து மட்டும் என்னுடையது இல்லை.

"ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு பாஸ்தான். உள்ளே போனவங்க வந்தாத்தான் அடுத்த ஆள்" என்றார்.

உள்ளே போனதும் நான், வெளியே வரவேண்டியதும் நான் என்றால் நான் என்னதான் செய்வது?

ஆறு வருஷமாக எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். போகட்டும். என் கல்யாணத்தன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால்? அம்மா போனபிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு மனுஷர்தான். இனி உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். சொன்னபடியே இருந்தேன்.

நேற்று ஒரு நர்ஸ் போன் செய்தாள். அப்பா வேறு எதுவுமே பேசவில்லையாம், என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அவர் போனில் அந்தப் பெயருக்கு இரண்டு நம்பர் இருந்தது, இரண்டுக்கும் பண்ணினேன் என்றாள். ஒன்று என் பழைய நம்பராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீம்பெல்லாம் எங்கே போனதோ. வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

கதவு திறந்தது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி வெளியே வந்தாள்.

அப்பாவின் மூக்கு உனக்கு வரவில்லையே என்று அம்மா அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள். அதே மூக்கோடு வந்தவள் எதிரே நின்றாள்.

செக்யூரிட்டி நோட்டைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வேறு மொழிக்காரி. ஆனாலும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினாள். அப்பா சொல்லிக் கொடுத்ததாம். எனக்கு அவர் அவள் மொழியில் ஒரு 'வா, போ' கூடச் சொல்லித் தந்ததில்லை. வயிறு எரிந்தது. அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள் வேறு. யார் வீட்டுக்குள் யார் வந்தது என்று சண்டை போடக்கூட வழியில்லை.

உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அவள் தன் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். தங்கத்தின்மேல் நீலப் பூச்சு. அவர்கள் மொழியில் அதற்குத்தான் அந்தப் பெயராம். எங்கள் பக்கம் கண்ணழகாக இருக்கட்டும் என்று மீனை நினைத்து வைக்கிற பெயர் அது. எழுத்துக்கூட்டினால் ஒன்றுதான். மற்றபடி இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா வேறு பெயர் சொல்லிப் பார்த்தாளாம். இதுதான் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். இரண்டு வீட்டிலும் ஒரே பெயர். தூக்கத்தில் உளறினாலும் மாட்டிக்கொள்ள மாட்டார். அடப்பாவி மனுஷா!

சரி, இப்போது யாரைக் கூப்பிடுகிறார்?

என்னைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அப்பா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டுகூட, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏ வாலு!" என்றுதான் கத்துவார். மானம் போகும்.

ஒன்பது மணி நேரம் அழுத அழுகையெல்லாம் வீணா?

"உன்னைத்தான் கூப்பிடறார். நீயே திரும்பப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை இல்ல" என்றாள். "நான் அவருக்கு எப்பவும் சுண்டெலி."

அப்படியானால் எங்களுக்கும் முன்னால் ஒருத்தி இருந்திருக்கிறாள். அம்மாவுக்கு முன்னால், இவளுடைய அம்மாவுக்கும் முன்னால். அவள் எந்த மொழிக்காரியோ, அவளுக்கு அது மீனா, நீலமா, இல்லை மூன்றாவதாக வேறு ஒன்றா, யாரைக் கேட்பது?

செக்யூரிட்டி நோட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நோட்டுல ஒரு பேருதானேம்மா இருக்கு. சீக்கிரம் போயிட்டு வாங்க."

ஒரே பாஸில் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

அப்பா பாதியாகியிருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. என் பெயரை அவர் வாயால் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. ஒரு பெயரை இவ்வளவு கெஞ்சிச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பதில் வரவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றோம்.