வாசற்படிக் கல்

“ஊரே மணல் மூட்டையைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுது. நீ மட்டும் கருங்கல்லைத் தூக்கிக்கிட்டு அலையறே!”

ஹில்யா கதவைத் தடவிப் பிடித்து பிக்கப் வண்டியில் ஏறினாள். இரண்டு கண்ணிலும் புரை. வீடு, பனி, புருஷன் எல்லாமே இரண்டு வருடமாக அவளுக்கு வெறும் வெள்ளைப் புகைதான்.

“மணல் மூட்டை குளிர் போனா குப்பைக்குப் போயிடும். கல்லு அப்படியா?” என்றார் ஆர்மாஸ். “வாசலுக்குக் கல்லுப் படி வேணும்னு கல்யாணமான நாளா நச்சரிச்சது யாரு? மண்ணு இளகினதும் எறக்கி வெச்சிடலாம். அதுவரைக்கும் வண்டி பனியில வழுக்காம இருக்கக் கனமா கிடக்கட்டும்.”

அவர் அப்படித்தான். எந்த வேலையையும் இரண்டு தடவை செய்யப் பிடிக்காது. ஒரே தடவையில், ஒரேயடியாக முடித்துவிட வேண்டும்.

சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று ராத்திரியெல்லாம் பனியைக் கொட்டியிருந்தது. மதியத்துக்குள் மேட்டைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இன்றைக்கு விட்டால் ஹில்யாவின் கண் ஆபரேஷன் அடுத்த வருடம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போய்விடும்.

“போனா போகட்டுமே. ஜூன்ல பண்ணிக்கிட்டா என்ன குடி முழுகிடும்? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகத்தான் நீ இருக்கியே!”

“இல்லே. இன்னிக்கே.”

அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன் இப்படிப் பேசியது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

“நல்லாக் கேட்டுக்கோ,” என்றார் அவர், வண்டியைக் கிளப்பியபடி. “கனத்தைப் பின் சக்கரத்து ஆக்சிலுக்கு நேர் மேல வைக்கணும். வாலுப் பக்கம் வெச்சா மூக்கு தூக்கிக்கும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சங்கிலி போட்டுக் கட்டலேன்னா, பிரேக் அடிச்சதும் முதுகுக்கு வந்துடும்.”

“இதெல்லாம் எனக்கெதுக்கு?”

“கண்ணு வந்ததும் நீதானே ஓட்டப் போறே?”

“அப்ப நீ?”

“நான் பக்கத்துல உக்காந்து தூங்குவேன்.”

ஹில்யா சிரித்தாள். மேடு வந்ததும் சிரிப்பு நின்றது. கண் தெரியாவிட்டால் என்ன, சக்கரம் வழுக்குவது உட்கார்ந்த இடத்திலேயே தெரியுமே! பின்பக்கம் ஒரு தடவை இடப்பக்கமாக நழுவியது. “அய்யோ கடவுளே!” என்று சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டி முனகிக்கொண்டே ஏறி உச்சிக்கு வந்துவிட்டது.

“பார்த்தியா உன் படியை!” என்றார் ஆர்மாஸ்.

உச்சியைத் தாண்டியதும், பள்ளத்தில் ஒரு பிக்கப் மூக்கைக் குத்திக் கிடந்தது. பக்கத்துப் பண்ணை வெய்க்கோவின் வண்டி.

“அண்ணே, காப்பாத்துங்கண்ணே!”

“பின்னாடி என்னடா போட்டிருக்கே?”

“நாலு பெட்டி பீர். ஆனா நேத்து ராத்திரி பாதிக் கனம் குறைஞ்சு போச்சுண்ணே!”

ஹில்யா விழுந்து விழுந்து சிரித்தாள். வெய்க்கோ சங்கிலி மாட்ட ஆர்மாஸ் வண்டியின் பின்பக்கம் போனான். “தார்ப்பாய் அவுந்திருக்கு, கட்டி விடறேன்” என்ற குரல் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வண்டியை வெளியே இழுத்துப் போட்டதும், அவன் அவள் ஜன்னலருகே வந்தான்.

“அக்கா... ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். எப்ப என்ன உதவி வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க.”

அவன் போன பிறகு ஹில்யா கேட்டாள், “வாய் ஓயாத பயல் ஆச்சே, என்ன ஆச்சு இவனுக்கு?”

“குளிரு,” என்றார் ஆர்மாஸ்.

மறுநாள் காலை ஒரு கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். நீலக் காப்பிக் கோப்பை தெரிந்தது. நர்ஸின் மூக்கில் மச்சம் தெரிந்தது. ஹில்யாவுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்ட வேண்டும்போல இருந்தது. எதிரே நாற்காலியில், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் ஆர்மாஸ்.

“யார் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தே? தொளதொளன்னு தொங்குது!”

“என்னுதுதான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்,” என்றவர், வாங்கி வந்த இறைச்சி அடைத்த ரொட்டியை முழுசாக அவள் பக்கமே நகர்த்தினார். “எனக்குப் பசியில்லே. நீ சாப்பிடு.”

வெளியே வந்தார்கள். வெயில் பட்ட பனி கண்ணைக் கூசவைத்தது. ஹில்யா முன்கதவுக்குப் போகவில்லை, நேராக வண்டியின் பின்பக்கம் நடந்தாள்.

“வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம், ஹில்யா.”

“முப்பது வருஷம் கேட்டு வாங்கின படி. நான் பார்க்கக் கூடாதா?”

கயிற்றை அவிழ்த்தாள். அவர் தடுக்க வரவில்லை. பனியில் நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாயைத் தூக்கினாள். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, சங்கிலி போட்டுக் கட்டிய பளபளப்பான கல், அதன் தலையில் ஒரு சிலுவை. சிலுவைக்குக் கீழே ஆர்மாஸின் பெயர், அவர் பிறந்த வருடம், அதையடுத்து, இன்னும் பிறக்காத அடுத்த வருடம்.