விடாத கவ்வி

பனிமலைக் கடைக்குக் கரடி முதன்முதலாகச் சறுக்குப் பலகை வாங்க வந்தது. குட்டையான ஒரு ஜோடியை உடனே எடுத்துக்கொண்டது. காலைப் பலகையோடு பிணைக்கும் கவ்வியில்தான் குழம்பியது.

"நீங்க விழுந்தா நான் கழன்றுடுவேன்," என்றது முதல் கவ்வி.

"கேட்டீங்களா அண்ணே? விழுற நேரத்துல விட்டுட்டு ஓடுறவன்!" என்றது இரண்டாவது கவ்வி. "உயிரே போனாலும் நான் விடமாட்டேன்."

"யார் உயிரு?" என்றது முதலாவது.

கரடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. அடுத்த வாரம் தேனுக்கு மரமேற வேண்டும், காலில் கீறல்கூடப் படக்கூடாது. விசுவாசமானவனே பாதுகாப்பு என்று இரண்டாவதை மாட்டிக்கொண்டது.

பாதிச் சரிவில் உருண்டது. பலகை திரும்பிய பக்கமே காலும் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது.

"பாத்தீங்களா அண்ணே, விடவே இல்ல!" என்றது கவ்வி.

நன்றி சொல்வதா, திட்டுவதா என்று கரடிக்குப் புரியவில்லை.