புடலங்காயில் தொங்கிய கல்

கொல்லைப் பந்தலில் புடலம்பிஞ்சு ஒன்று வளைந்து சுருளப் பார்த்தது. வீட்டுக்காரி வேணி அதன் நுனியில் நூலைக் கட்டி ஒரு கூழாங்கல்லைத் தொங்கவிட்டாள்.

"ஐயோ, உயிர் போகுது! விட்டுடேன், கல்லே!" என்று பிஞ்சு அழுதது.

"நானா வந்து கட்டிக்கிட்டேன்? நானும்தான் அந்தரத்துல தொங்குறேன். கொஞ்சம் பொறுத்துக்க, தம்பி" என்றது கல்.

வெயிலோ காற்றோ, கல் தன் கனத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிஞ்சும் நூல் பிடித்தாற்போல் நேராக நீண்டது. பந்தலில் ஓடிவந்த அணில் வாயைப் பிளந்தது.

"அண்ணே, எப்படி இவ்வளவு நேரா வளந்தீங்க?"

"எங்க பரம்பரையே அப்படித்தான்" என்றது புடலங்காய்.

"அடியில என்னமோ தொங்குதே?"

"அதுவா? போக்கிடம் இல்லாத கல்லு. பாவம், என்னைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் பிழைக்குது."

கல்லுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது கனம் குறையாமல் தொங்கியது.

மறுநாள் வேணி புடலங்காயைக் கூட்டு வைக்க அறுத்துக்கொண்டு, அதே கல்லை அடுத்த பிஞ்சில் கட்டினாள்.

"ஐயோ, உயிர் போகுது!" என்று அதுவும் அழுதது.

"நல்லா அழுதுக்க, தம்பி" என்றது கல். "அணில் வந்து கேக்கும்போது இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது."