கை நடுக்கம்

"யோவ், உனக்குக் கை நடுங்குதுய்யா!"

சர்வேயர் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார்.

சவரக் கத்தி அப்படியே நின்றது. சேரில் சாய்ந்திருந்தவர் காலேஜ் புரொபசர். அடர்ந்த வெள்ளைத் தாடி. அதைச் சுற்றிக் கன்னத்திலும் கழுத்திலும் சோப்பு நுரை. பெஞ்சிலிருந்து பார்த்தால் சலூன்காரரின் முதுகும் கத்தி பிடித்த கையும்தான் தெரிந்தன. அந்தக் கைதான் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அதுவரை சர்வேயர் வாயைப் பிளந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீரில் ஊறிய பிரஷ் கிண்ணத்தில் நாலு சுற்றுச் சுற்றியதும் நுரை பொங்கி வந்ததென்ன, தோல் வாரில் கத்தி ஏறி இறங்கிய வேகமென்ன! தாடியைத் திருத்தாமல் வந்தால் வேற வீடு பார்த்துக்கோ என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று பூரித்துப் போயிருந்தார் மனுஷன்.

"ஆமா சார்," என்றார் சலூன்காரர், திரும்பாமலே. "கொஞ்ச நாளா இந்த நடுக்கம் இருக்கு."

"இதை வச்சுக்கிட்டா அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்கிறே? காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டியா? சார், நீங்க எழுந்திருங்க முதல்ல!"

புரொபசர் கண்ணைத் திறந்தார். "இல்லீங்க, அது வந்து..."

"ஐயா, பேசாதீங்க. நுரை வாய்க்குள்ள போயிடும். சாயந்திரம் மேடை ஏறணும் நீங்க. முதல்ல இதை முடிப்போம்," என்று சலூன்காரர் அவரை மடக்கினார்.

பெஞ்சில் காத்திருந்த இன்னொருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நைசாக நழுவினார். சலூன்காரர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். நடுங்கும் கைக்காரன் என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியாமல் இல்லை.

கத்தி மறுபடி ஆடியபடியே இறங்கியது. சர்வேயருக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

நுரையைத் துடைத்துவிட்டுப் புரொபசர் எழுந்தார். சர்வேயர் அசந்து போனார். காதோரத்திலிருந்து கன்னம் வரை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு. கழுத்தில் ஒரு கீறல் கிடையாது. இருபது வருஷமாகக் கோடு போட்டே சம்பளம் வாங்குகிறவர் அவர். இப்படி ஒரு கோடு அவருக்கே வராது.

புரொபசர் சலூன்காரரின் தோளைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

"நீங்க வர்றீங்களா சார்? இல்லே, வேற கடையா?"

சர்வேயர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்குக் கத்தரிக்கோல் போதும்ப்பா."

"கன்னத்துல கோடு விழணும்னா கத்திதான் சார்."

சூடான டவல், பிரஷ், நுரை. பிறகு கத்தி.

சர்வேயர் கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்தார். மூச்சுகூட விடவில்லை.

கை ஆடவில்லை. இம்மிகூட ஆடவில்லை.

"எங்கய்யா உன் நடுக்கம்?"

"கழுத்தை நிமிர்த்துங்க சார்."

ஆடுகிற கையால் அப்படி ஒரு கோடு விழவே விழாது. அப்படியானால் எதிரே இருந்த புரொபசரின் தாடையும் ஆடியிருக்க வேண்டும். அது ஆடின கணக்குக்குக் கையும் கூடவே ஆடினால்தான் அந்தக் கோடு விழும். நுரைக்கும் தாடிக்கும் கீழே ஒரு தாடை நடுங்கியதை இந்த மனுஷர் விரலிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறார்!

சர்வேயருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே தன் வாயை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. யோவ் என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவேயில்லை.

"அண்ணே, அப்போ ஆடினது அவரோட தாடையா?"

சலூன்காரர் கத்தியை டவலில் நிதானமாகத் துடைத்தார்.

"என் கைதான் சார். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க."