ஆறு மணிப் பாட்டு

காலை ஆறு மணி. வாசுகி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. பாண் ஓட்டோ வந்துவிட்டது.

பிரெட்டுக்கு இந்த ஊரில் பாண் என்று பெயர். ஒலிபெருக்கியில் எப்போதும் ஒரே மெட்டு. கேட்டதும் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒழுங்கை என்று இவர்கள் சொல்லும் இந்தச் சந்தில் இருப்பதே இரண்டு வீடுகள். ஒன்றில் வாசுகி. எதிரே புல் மண்டி, கேற் துருப்பிடித்து, ஜன்னலே திறக்காத ஒரு பழைய வீடு. அதற்கப்பால் துறைமுக மதில்.

அந்த ஆளில்லாத வீட்டு முன்னால்தான் ஓட்டோ நிற்கும். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம் பாட்டு ஓடும். பிறகு எங்கோ இரும்பில் டங், டங் என்று இரண்டு தட்டு. துறைமுகத்தில் அந்நேரமே வேலை தொடங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. அத்தோடு பாட்டும் நின்று ஓட்டோ கிளம்பிவிடும்.

கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் ஆறு மாத வேலை. தூத்துக்குடியிலிருந்து கூட வந்த வாசுகி சும்மா இருக்கவில்லை. தினம் ஒரு தெருவாக நடந்து, பார்த்ததை பேஸ்புக்கில் எழுதினாள். உப்புவெளியில் வலை இழுப்பவர்கள், கப்பல்துறையில் பஸ்ஸுக்கு நின்றபடி கதை பேசும் பெண்கள், ஒன்றையும் விடவில்லை. 'இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கிறார்கள்' என்று அவள் எழுதியதற்கு நானூறு லைக்.

அன்று பொறுமை போய், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க பாய், காலி வீட்டு முன்னாடி நின்னு யாருக்குப் பாட்டுப் போடுறீங்க?"

பாண்காரர் ஜவாஹிர் பக்கத்து ஊரான கிண்ணியாக்காரர். ஐம்பது வயதிருக்கும்.

"கோவிக்காதீங்க மிஸ். கொஞ்ச நேரந்தானே."

"எனக்குப் பாணே வேண்டாம். போதுமா?"

"உங்களுக்காக இல்ல மிஸ்."

"அப்ப யாருக்கு? பேய்க்கா?"

ஜவாஹிர் துருப்பிடித்த கேற்றைப் பார்த்தார்.

"வேற எந்த ஒழுங்கைய விடச் சொன்னாலும் விட்டிருவன் மிஸ். இத மட்டும் விட ஏலா."

என்ன திமிர்! வாசுகிக்குக் கொதித்தது.

மறுநாள் மாடியிலிருந்து வீடியோ எடுத்துப் போட்டாள். 'ஆளில்லாத வீட்டுக்குப் பத்து நிமிஷப் பாட்டு. தட்டிக் கேட்க யாருமில்லையா?' ஊர்க்காரர்களே பகிர்ந்தார்கள். அது பேக்கரி முதலாளியின் போனுக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை ஓட்டோ வரவில்லை.

வாசுகி எட்டு மணிவரை தூங்கினாள். எழுந்தபோது உடம்பே லேசாக இருந்தது. ஆனால் அன்று பகல் முழுக்க அந்த இரும்புச் சத்தம். டங்... டங்... விட்டு விட்டு, பொழுது சாயும் வரைக்கும்.

"பாட்டு ஓய்ஞ்சா இது ஆரம்பிக்குது" என்று கணவரிடம் அலுத்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சத்தம் குறைந்திருந்தது. புதன்கிழமை அதுவும் இல்லை. 'கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கும் அமைதி வந்துவிட்டது' என்று எழுதினாள். அதற்கும் லைக் விழுந்தது.

வியாழக்கிழமை காலை யாரோ எதிர் வீட்டுக் கேற்றை உலுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். ஜவாஹிர்தான். ஓட்டோ இல்லை, பாண் இல்லை. ஒரு சைக்கிள் மட்டும் தரையில் சாய்ந்து கிடந்தது.

"சேர்! குலசிங்கம் சேர்!"

பதில் இல்லை. அந்த வயதில் வீட்டு மதிலேறிக் குதித்தார். வாசுகி இறங்கி ஓடி வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் முன்கதவு உள்ளிருந்து திறந்தது. ஜவாஹிர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சேர் போயிட்டார், மிஸ்."

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

"எனக்குப் படிப்பிச்ச சேர். தொண்டையில ஒப்பரேஷன் செஞ்ச பிறகு குரல் இல்ல. நடக்கவும் ஏலா. கனடாவில இருக்கிற மகளுக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்தில விட்டிருவா எண்டு பயம். ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு எழுதிக் காட்டினார். அரிசி, பருப்பு எல்லாம் கிழமைக்கு ஒருக்கா ராவில நான்தான் கொண்டந்து குடுத்திட்டுப் போவன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில நான் பாட்டுப் போடுவன். கேட்டதும் கைத்தடியால இரும்பு வாளியில ரெண்டு தரம் தட்டுவார். உசிரோட இருக்கன் எண்டு அர்த்தம். தட்டுக் கேட்டாத்தான் நான் போவன். முதலாளி என்னை உப்புவெளிப் பக்கம் மாத்திட்டார். லீவு இண்டைக்குத்தான் கிடைச்சிச்சு."

வாசுகியின் கை கேற்றை இறுக்கிப் பிடித்தது.

"விழுந்து கிடக்கார், மிஸ். தடி கையிலயே இருக்கு. வாளியும் பக்கத்தில கிடக்கு. வாளி நெளிஞ்சுபோய்க் கிடக்கு. எவ்வளவு நேரம் தட்டினாரோ!"

ஜவாஹிர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"நேர் எதிர் வீடு. உங்களுக்கு ஒண்டும் கேக்கலயா மிஸ்?"

"இல்லையே பாய்" என்றாள் வாசுகி. "ஒன்னும் கேக்கல."